முந்திக்கொண்ட பதில்

பதில் சொல்ல வேண்டிய மடிக்கணினியை அவள் இன்னும் திறக்கவேயில்லை. அதற்குள் மூன்றாவது பெட்டிக்குப் பதில் கிடைத்திருந்தது.

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஏறத் தொடங்கியதும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் கை தானாகப் போய் மடிக்கணினியின் மூடியைத் தொட்டது. சில்லென்று இருந்தது.

கணவன் விட்டுப்போனவை இந்த நான்கு பழைய வொர்க்ஸ்டேஷன் கணினிப் பெட்டிகள். சொந்தமாக நினைவு வட்டு இல்லாதவை, உள்ளிருந்த பேட்டரி செத்து, தங்கள் அடையாள எண்ணைக்கூட மறந்துவிட்டவை. அந்த எண்ணை அவள்தான் ஒவ்வொன்றுக்கும் கையால் அடித்துப் புகட்டினாள். விழித்ததும் அவை கம்பியில் கூவும்: இது என் எண், நான் யார்? அதற்கு மடிக்கணினி பெயரும் முகவரியும் சொல்லி, லினக்ஸ் இயங்குதளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிவிட வேண்டும். பதில் சொல்வது யாரென்று அவை விசாரிப்பதில்லை. முதலில் வாய் திறந்தவர் சொன்னதுதான் வேதவாக்கு.

சாயங்காலம் பழைய கணினிகளின் காட்சிக்கூடத்துக்காரர் வருகிறார். நான்கும் ஓடினால் அவளுக்கு அங்கே வேலை. ஓடாவிட்டால் இந்த நிலவறையோடு சேர்த்து, மேலே அவளும் மகளும் இருக்கும் அறையையும் காலி செய்யச் சொல்லியிருந்தார் கணவனின் அண்ணன்.

சுவரிலிருந்த இன்டர்காம் கரகரத்தது. அவர்தான். மேலே கூடம், சமையலறை, கீழே இந்த அறை, எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி.

"என்னம்மா, பழைய இரும்பு வாயத் திறந்துச்சா?"

"ஒண்ணு ஓடுது மாமா."

"ஒண்ணா? மத்த மூணும் குறட்டை விடுதா? உன் புருஷனும் இப்படித்தான். வேலை ஒண்ணு, கதை ஒம்போது."

அவர் சிரித்தது கம்பியில் இரைந்து அடங்கியது. செத்தவரைக்கூட விடமாட்டார். அவள் பெட்டிகளின் பக்கம் குனிந்தாள். சூடேறிய தூசியின் வாசனை, விசிறிகளின் இடைவிடாத முனகல், அதற்கடியில் யாரோ பேசுவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்வது போன்ற ஒரு மெல்லிய சத்தம்.

நான்காவது பெட்டியின் திரையைப் பார்த்ததும் தவறு புரிந்தது. அவசரத்தில் மூன்றாவதின் எண்ணையே அதற்கும் அடித்திருந்தாள். ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் முந்தியது நிலைக்கும். பிந்தியது கத்தினாலும் கம்பியில் ஏறாது. ஓ, இதுதானா என்று நெஞ்சு லேசானது. ஆனால் எண்ணை அடித்ததோடு சரி, நான்காவதை அவள் இன்னும் கம்பியில் கூவ விடவில்லை. அது பதில் சொல்லும் பெட்டியும் இல்லை.

கம்பிகள் கூடும் ஹப்பைத் திருப்பினாள். நான்கு துளைகளில் நான்கு கம்பிகள். ஐந்தாவது மடிக்கணினிக்கானது, காலி.

காலித் துளையின் பச்சை விளக்கு, அதன் வழியே யாரோ பேசுவது போல், துடித்துக்கொண்டிருந்தது.

அவசரமாக மடிக்கணினியை இயக்கி அதே துளையில் சொருகினாள். முதல் பெட்டியைத் தட்டி எழுப்பினாள். நான் யார் என்று அது கேட்டது. மடிக்கணினி பதில் அனுப்பியது. அதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் இன்னொரு பதில் போயிருந்தது. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் மயிரிழை முன்னால். அவசரப்படாமல்.

திரைகள் விழித்தன. பெயர் கேட்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

அவளுடையது.

கடவுச்சொல்லும் விழுந்தது. சரியான கடவுச்சொல். மகளைத் தவிர யாருக்கும் தெரியாதது.

கம்பிகளைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும். எழுத்துகள் நிற்கவில்லை.

இன்டர்காம் கரகரத்தது. "ஏம்மா, என்னாச்சு?"

அவள் வாயைத் திறந்தாள்.

"முடிஞ்சுது மாமா. நாலும் ஓடுது. மேல வந்துட்டேன்."

அவள் குரல். இன்டர்காம் பெட்டிக்குள்ளிருந்து.

"அட, பரவாயில்லையே! கெட்டிக்காரிதான்."

"மாமா, அது நான் இல்ல! நான் கீழ இருக்கேன்!"

"என்ன இது, லைன்ல ஒரே இரைச்சல்..."

"அம்மா," என்றது மகளின் குரல், "தலை பின்னிவிடும்மா."

"கண்ணு, கதவைத் தொறக்காத..."

"வா கண்ணு," என்றது பெட்டிக்குள் அவள் குரல், அவளை முந்திக்கொண்டு.

படிகள். ஓட்டம். மேல்படியில் கண்ணாடி பதித்த கதவு. அந்தப் பக்கம் விளக்கொளி. நாற்காலியில் மகள். அவளுக்குப் பின்னால், கதவுக்கு முதுகு காட்டி, ஒருத்தி. பின்னிக்கொண்டிருந்த விரல்கள்.

தன் விரல்கள்.

கண்ணாடியை அறைந்தாள். மகள் திரும்பினாள். நேராகப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"அம்மா, அது யாரு?"

பதில் அவள் தொண்டைவரை வந்தது.

"யாரும் இல்ல கண்ணு," என்றாள் மற்றவள், திரும்பாமலே.

மகள் எழுந்து வந்தாள். பாதிப் பின்னல் தோளில் தொங்க, எம்பி நின்று, அந்தச் சின்னக் கை தாழ்ப்பாளைப் போட்டது.