அம்மா போனில் முந்நூற்று நாற்பது

"குடுக்கா போனை! அது என்ன உன் சொத்தா?"

"குடுக்க மாட்டேன். வாயை மூடிட்டுக் கடைக்குப் போடா."

"அம்மா போய் இருபத்தொரு நாளாச்சு. இன்னும் அதைக் கைக்குள்ளயே பொத்தி வெச்சுக்கிட்டு அலையுற. பேட்டரி உப்பிக் கிடக்கு. இன்னைக்கோ நாளைக்கோ செத்துடும். அப்புறம் அம்மா குரலுக்கு நான் எங்க போவேன்?"

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் காது கொடுக்கவே வேண்டாம், அது தானாகப் போய்விடும். அக்கா தையல்காரி. தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அன்று சுவர் வழியாக வந்தது சண்டை மட்டும்தான். மீதியை அக்காவே ஒருநாள் என் சமையலறையில் நின்று, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது பக்கம் இல்லை. குரலும் இல்லை, காற்று மாதிரி ஏதோ வரும். அக்கா முன்னறையில் மெஷின் ஓட்டினால் பின்னறைக் கட்டிலிலிருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது. தம்பிதான் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, இடது கட்டைவிரலுக்குப் பழக்கினான். மைக் படத்தை அழுத்து, பேசு, விடு. பத்தடி தள்ளி அக்காவின் போனில் 'டிங்' என்று வந்து விழும். தண்ணி. ஜன்னலைச் சாத்து. சாப்பிட்டியாடி? எல்லாம் அம்மாவின் போனிலேயே சேர்ந்து கிடந்தன. அம்மா போன அன்று தம்பி வேலையாக வெளியூரில் இருந்தான். வந்து முகத்தைத்தான் பார்த்தான். அவனுக்கு மிச்சம் அந்தக் குரல் ஒன்றுதான்.

"சரி, நானே உன் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கிறேன். சாயங்காலம் வந்து கேளு" என்றாள் அக்கா, அன்றைய சண்டையின் முடிவில்.

"ஒயரைச் சொருகு. போன்ல ஃபைல் டிரான்ஸ்ஃபரான்னு கேக்கும், ஆமான்னு தொடு. ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி ஒட்டு. எதையும் அழிச்சுடாதக்கா."

அழிக்கத்தான் அவள் நினைத்திருந்தாள்.

அம்மா போன அன்று சாயங்காலத்துக்குள் இருநூறு பள்ளிச் சீருடை கொடுத்தாக வேண்டும். 'டிங்' சத்தம் தொந்தரவாக இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் போனின் வாயை அடைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள், நாலு மணிக்குத்தான் எடுத்துப் பார்த்தாள். ஏழு. ஒன்றையும் கேட்காமல் பின்னறைக்கு ஓடினாள். கேட்க அவசியம் இருக்கவில்லை.

"தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள் எல்லோரிடமும். நானும் அதையேதான் தெரு முழுக்கச் சொன்னேன். நிம்மதியான சாவு என்று என் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

சண்டை முடிந்து தம்பி கடைக்குப் போனதும் கதவைத் தாழிட்டாள். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளநீளமாகப் படுக்க வைத்திருந்தது. மெஷின் எண்ணெய் வாசனையும், கஞ்சி போகாத புதுத்துணி வாசனையும், எத்தனை முறை கழுவியும் பின்னறைக் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்த தைல வாசனையும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தன. போனில் முந்நூற்று நாற்பது பதிவுகள். கடைசி ஏழைத் தேடி, ஒவ்வொன்றாக, கேட்காமலே அழித்தாள். மறுபடி எண்ணிக்கையைப் பார்த்தாள். முந்நூற்று முப்பத்து மூன்று. ஒயரைச் சொருகி, காப்பி செய்து, ஒட்டினாள். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

கோட்டுக்குக் கீழே 340 என்று இருந்தது.

தான்தான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தாள். ஏழும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றை அங்கேயும் அழித்தாள். ஒயரைப் பிடுங்கினாள், சொருகினாள், முதலிலிருந்து ஏற்றினாள்.

341.

எட்டாவதின் நேரம் மூன்று ஐம்பத்தைந்து. அதைத் திறக்க வேண்டாம் என்று விரலுக்குச் சொன்னாள். விரல் கேட்கவில்லை.

பேச்சு இல்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம், கட்டிலிலிருந்து கேட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி, கதவுக்கு அப்பாலிருந்து, ஓயாமல். நடுநடுவே ஏதோ டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிற ஓசை. தட்டல். மெஷின். தட்டல். அதற்கும் பின்னால் பக்கத்து வீட்டு டிவி, யாரோ சத்தத்தைக் கூட்டிவைக்க, மெல்ல உயர்ந்தது.

அது என் டிவி. அந்தத் தட்டல் அன்று எனக்கும் கேட்டது. ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

மெஷின் நின்றது. காலடி. கதவு. "அம்மா?" என்றது அவள் குரலே.

பதிவு முடிந்தது. கோடு மறுபடி நகர்ந்தது.

342. இன்றைய தேதி.

"குடுக்கா போனை! அது என்ன உன் சொத்தா?" காலையில் நடந்த சண்டை. முன்னறையில், போன் அவள் கைக்குள்ளேயே இருந்தபோது நடந்தது. ஆனால் சத்தம் தூரத்திலிருந்து வந்தது. மூடிய கதவுக்கு அப்பால், பின்னறையில் படுத்துக் கேட்டால் வருகிற மாதிரி. மிக அருகில், யாரோ உதட்டை நாக்கால் ஈரப்படுத்த முயன்றார்கள். ஈரம் இல்லை.

அவள் பின்னறைக் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது.

343.

நாற்காலி முனகல். மவுஸின் 'டிக்'. அவள் மூச்சு. இப்போது விடுகிற மூச்சு. இந்த அறை. கதவுக்கு அப்பால் இல்லை. தோளுக்குப் பின்னால்.

தைல வாசனை.

"தண்ணி."

ஒயரைப் பிடுங்கினாள்.

கோடு நிற்கவில்லை.

344. ஒயர் கையில் தொங்கியது. போன் மேஜையில் கறுத்துக் கிடந்தது. 345. பச்சைக் கோடு நிதானமாக, அவசரமே இல்லாமல். 346.

சாயங்காலம் முன்கதவு திறக்காததால் தம்பி பின்பக்கமாக வந்தான். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னறை வாசலில் டம்ளர், சொம்பு, குடம், கிண்ணம் என்று வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள். அவன் ராத்திரி முழுக்க அந்தப் பதிவுகளைக் கேட்டான். விடிந்ததும் ஒன்றுதான் கேட்டான்.

"ஏழு தடவையாக்கா?"

அவள் தலையாட்டினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை வரவே இல்லை. வந்திருந்தால் எனக்கே நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் தம்பி மருந்துக்கடைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோனான். கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போனான். அக்கா மெஷினை விற்றுவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு, யாரிடமும் விலாசம் சொல்லாமல் கிளம்பிப் போனாள். போகிற அன்றுதான் என் சமையலறைக்கு வந்து எல்லாம் சொன்னாள்.

போன வாரம் தம்பி பெண்டாட்டியைக் கடைத்தெருவில் பிடித்தேன். "நாத்தனார் எங்கேம்மா இருக்கா?" என்றேன்.

"ரயில் பாதைக்குப் பக்கத்துல ஏதோ மாடி ரூம் போல. தனியாத்தான் இருக்காங்க."

"கடுதாசி போட்டாளா?"

"இல்லக்கா." அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "தினம் மத்தியானம் இவரோட கம்ப்யூட்டர்ல புதுப் பதிவு ஒண்ணு வந்து சேருது. அதுல ரயில் சத்தம் கேக்கும். அவங்க தூங்குற மூச்சும் கேக்கும், ரொம்பக் கிட்டத்துல."