ஏழாவது பாட்டுக்குப் பிறகு

"ஐயா, சாயங்காலம் போலீஸ் வந்து என் வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போயிடும். தான்தான் கொன்னுட்டோமோன்னு அவருக்கே பயம்" என்றாள் தீரா. அவள் கை துப்பறியும் சிக்வார்டின் வீட்டுக் கதவுப்பிடியை விடவில்லை.

நேற்று மத்தியானம் ஏரிக்கரை மேசையில் இறால் விருந்து. அவள் கணவன் எலோஃப், போன மாதம் படகு எரிந்து காப்பீட்டுப் பணம் வாங்கிய அண்டைவீட்டு யால்மார், அந்தப் படகுத்துறையருகே மரம் அறுக்கும் தோர்ஸ்டன், மூன்றே பேர். ஒரு பாட்டுக்கு ஒரு கிளாஸ் சோம்புச் சாராயம். பாடாமல் யாரும் குடிப்பதில்லை. அவரவர் காய்ச்சியது அவரவர் புட்டியில். ஏழு பாட்டு முடிந்தபின் தோர்ஸ்டன் தண்ணீரில் பிணமாகக் கிடந்தான். பின்மண்டையில் துடுப்பால் அடித்த காயம்.

"நீ எங்க இருந்தே?"

"சமையல்கட்டுல. ஆறாவது பாட்டப்ப ஒரு கொம்புமான் வந்து என் கோசுப் பாத்தியத் தின்னுச்சு. மேசைக்குப் பத்தடிதான். ஒருத்தரும் தலை திருப்பல. ரொட்டி கருகுதேன்னு நான் உள்ள போயிட்டேன்."

"வீட்டையே தூக்கிட்டுப் போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்று சிரித்தான் உதவியாளன் ஆல்வர். சிக்வார்ட் அவன் காதில் ஏதோ சொல்லி ஏரிக்கரைக்கு அனுப்பினார்.

சிக்வார்டும் தீராவும் போனபோது எலோஃபின் வீட்டில் யால்மாரும் இருந்தான்.

"நீ எவ்வளவு குடிச்சே, யால்மார்?"

"ஏழு பாட்டு, ஏழு கிளாஸ். எலோஃபும் அதேதான். ஆனா நான் பாத்தேங்க. அந்த மான் கோசு தின்னுட்டுப் போச்சே, அதுக்கப்புறம்தான் இவன் துடுப்ப எடுத்தான்."

"மானா? எந்த மான்?" என்றான் எலோஃப்.

சிக்வார்ட் யால்மாரின் பக்கம் திரும்பினார். மெதுவாகச் சொன்னார்: "அவ்வளவு குடிச்சவனுக்குக் கண்ணு தொறந்துதான் இருக்கும். கையில இருக்கிற இறால் மட்டும்தான் தெரியும். ஓரத்துல எது நின்னாலும் மனசுல பதியாது. எலோஃப் அப்படித்தான் இருந்தான். உனக்கு மட்டும் மான் தெரிஞ்சுது."

ஆல்வர் புட்டியோடு உள்ளே வந்தான். "யால்மாரோட புட்டி, மேசைக்கடியில கிடந்துது. சோம்பு வாசமே இல்லங்க. வெறும் தண்ணி."

யால்மார் எழுந்தான். ஆல்வர் வாசலை மறித்தான்.

"உன் படகுக்கு நீயே தீ வச்சத தோர்ஸ்டன் பாத்துட்டான். இல்லையா?" என்றார் சிக்வார்ட்.

யால்மார் தலையைக் குனிந்து மறுபடி உட்கார்ந்தான். தீரா ஓடிவந்து கணவனின் தோளைப் பிடித்தாள். "கேட்டீங்களா? நீங்க இல்ல! நீங்க செய்யல!"

எலோஃப் தலையாட்டினான்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தேன், ஐயா. தண்ணியில விழறப்ப தோர்ஸ்டன் என்னப் பாத்துக் கையக் கிய்ய நீட்டியிருப்பானா?"

சிக்வார்ட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.