நாலு மூலையும் ஒரு காலடியும்

எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லின் மேல் ஆணை, ஒற்றியூர்க் கடலின் மேல் ஆணை: இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

வல்லரசு என்ற பையன் கணக்கில் பட்டம் வாங்கியவன். திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் சரிபார்க்கிற வேலை. பட்டப்பகல், மணி ஒன்று இருபது. வாட்ச்மேன் கேட்டை வெளியே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். இரண்டு மணிக்குத்தான் திறப்பான். வெயிலில் காய்ந்த இரும்பு டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருக்க, எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து பறந்து வந்த சாம்பல் தரையெல்லாம் மாவாகப் படிந்திருக்க, எங்கிருந்தோ கருவாட்டு வாடை வந்துபோக, எட்டுக் கன்டெய்னர் பெட்டிகளை ஒட்டி வைத்த அடுக்கைச் சுற்றி நடந்தவன் நின்றான். அவன் நின்ற பிறகும் ஒரு காலடி கூடுதலாக விழுந்தது.

நெல்சன்தான். கூட வேலை பார்க்கிறவன், இப்படித்தான் விளையாடுவான்.

"டேய் நெல்சா, புடி பாக்கலாம்! ஜூட்!"

குப்பத்து ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் ஜூட் என்றால் ஆட்டத்துக்குச் சம்மதம். சொன்னவன் நடுவில் விலக முடியாது.

காலடி ஓடத் தொடங்கியது. இவனும் ஓடினான். சட்டைப்பையில் செல் அடித்தது.

"இன்னா மாமு," என்றான் நெல்சன். "தண்டையார்பேட்டைல கீறேன். பிரியாணி வாங்கியாரவா?"

"அப்ப இங்க யாரு?"

"எங்க?"

வல்லரசு போனை வைத்தான். நெல்சன் வந்து சேர்வதற்குள் மணி இரண்டாகிவிடும். வாய் உலர்ந்தது, மூளை உலரவில்லை. மூலை நாலு. துரத்துவது ஒன்று. அது ஒரு மூலை நகர்ந்தால் இவனும் அதே திசையில் ஒரு மூலை. அது நின்றால் இவனும் நிற்க வேண்டும். எப்போதும் எதிர் மூலை. இப்படி ஆடினால் ஒற்றை ஆளால் பிடிக்கவே முடியாது. பரீட்சையில் இதை நிரூபித்து ஐந்து மார்க் வாங்கியவன் அவன்.

"வா நைனா," என்றான் உரக்க. "ரெண்டு மணி வரிக்கும் சுத்து. மாட்டமாட்டேன்."

சுற்றினார்கள். ஒன்று முப்பத்தைந்து. ஒன்று நாற்பத்தெட்டு. அது திரும்பியது, திரும்பினான். நின்றது, நின்றான். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தமே இல்லை. இவன் சிரித்தான்.

"இன்னா, பேஜாரா கீதா?"

ஒரு காலடி. இடப்பக்கம்.

அதே நொடி இன்னொன்று. வலப்பக்கம்.

இரண்டு.

துரத்துவது இரண்டென்றால் தப்ப வழியில்லை. விடைத்தாளில் அடுத்த வரியே அதுதான்.

"ஆள் சேத்துகினு வர்றியா? கலீஜ் ஆட்டம்டா இது."

ஓடவில்லை. இடப்பக்கச் சத்தத்தை நோக்கி நேராக நடந்து மூலையைத் திரும்பினான்.

யாருமில்லை. சாம்பலில் மட்டும் வெறுங்கால் தடங்கள். ஒவ்வொன்றாக. தாமாக. விரல்கள் இவனைப் பார்த்தபடி.

"இது என் எடம். சுத்திப் போ," என்றான்.

ஒரு விரற்கடை தள்ளித் தடம் நின்றது. முதுகுக்குப் பின்னாலும் ஏதோ வந்து நின்றது. வல்லரசு அசையவில்லை. அவன் பூட்ஸ் முனையில் படிந்திருந்த சாம்பலின் மேல், மெல்ல, ஒரு கட்டைவிரல் பதிந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: அந்த எட்டுப் பெட்டிகளும் முந்தின நாளே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலேறிவிட்டன, அன்று அந்த யார்டில் சுற்றி ஓட ஒரு மூலைகூட இல்லை.