பதினோரு நாள் திறந்திருந்த வீடு

உள்ளறையில் மகள் உம் கொட்டினாள்.

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். மதியத்திலிருந்தே விடாத மழை. கொடியில் காயாமல் தொங்கிய துணிகளின் முடை நாற்றம் முன்னறை முழுக்கப் பரவியிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் தண்ணீர் போல நெளிந்துகொண்டிருந்தது. நெட்வொர்க் இன்ஜினியரான அவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு மருத்துவமனையின் கணினிகளையெல்லாம் புது முகவரி முறைக்கு மாற்றும் வேலைக்குக் கடைசிக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தாள். "ம்." சிறு இடைவெளி. "ம்." கதை சொல்பவர் மூச்சு விடும் இடத்தில் பிள்ளைகள் போடுகிற அதே உம்.

"யார்கூட பேசுற கண்ணு?"

உம் நின்றுபோனது.

ஒரு வாரமாகவே பிள்ளை சரியில்லை. கிட்டே போனால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். மருந்தைத் துப்பிவிடுகிறாள். "உன் பொண்ணுக்கு உன்மேல அப்படி என்ன கோவம்?" என்று கணவன்கூட நேற்று ஊருக்குக் கிளம்பும்போது கிண்டலடித்தான்.

போன் அடித்தது. ஆபீஸ் பையன்.

"மேடம், ஃபயர்வால் புது முறைக்கும் தனியா போடணும்னு எழுதிட்டீங்களா? பழசுக்கு மட்டும் போட்டா எல்லாம் தெருவுல நிக்கும்."

"அது கூடத் தெரியாதா எனக்கு? எங்க வீட்டையே மாத்திப் பாத்துட்டுதானே..."

நாக்கு அங்கேயே நின்றது.

பழைய முறையில் வீடு முழுவதற்கும் வெளியே ஒரே முகவரி. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. புதியதில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி முகவரி. எந்த மூலையிலிருந்தும் எவனும் நேராக வந்து தட்டலாம். தட்டுகிறவனைத் தடுக்கும் அந்த ஃபயர்வால் காவலைத்தான் அவள் தன் வீட்டுக்குப் போடவில்லை. பத்து நிமிஷ வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பதினோரு நாள் ஆகியிருந்தது.

போனை வைத்துவிட்டு லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். மகளின் கட்டிலுக்கு மேலிருந்த கேமராவுக்கு வெளியிலிருந்து ஓர் இணைப்பு. முதல் நாளிலிருந்து அறுபடாமல். இப்போதும்.

பூனை போல எழுந்து போய் உள்ளறைக் கதவில் காதை வைத்தாள்.

கேமராவிலிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சலாக, வார்த்தையின் முடிவை லேசாக இழுத்து. அம்மாவின் சொந்தக் குரல்.

"கதவு வழியா வர்றது அம்மா இல்ல கண்ணு. அம்மா மூஞ்சிய மாட்டிக்கிட்டு வரும். மருந்துன்னு சொல்லிக் குடுக்கும். குடிக்கக் கூடாது, என்ன?"

"ம்."

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். பிள்ளை கேமராவைப் பார்த்து வீறிட்டாள்.

"அம்மா! அது வந்துடுச்சு!"

அம்மா கேமராவைப் பிய்த்து எறிந்தாள். வயர் அறுந்தது. அமைதி.

"தங்கம், நான்தான்டா அம்மா." கையை நீட்டினாள்.

பிள்ளை கடித்தாள். ரத்தம் வரும்வரை விடவில்லை.

"குட்டிமா, இங்க ஓடி வா."

சமையலறையிலிருந்து. அதே குரல். பாட்டுக் கேட்க வாங்கி வைத்த ஸ்பீக்கர். அதற்கும் ஒரு முகவரி.

பிள்ளை அவள் அக்குளுக்கடியில் நழுவி ஓடினாள். சமையலறைக் கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மா முன்னறைக்கு ஓடி ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இனி உள்ளே எவனும் வர முடியாது. எவனும்.

திரும்பி ஓடினாள்.

குரல் நிற்கவில்லை.

"சொல்லிக் குடுத்த மாதிரி திருகு. நாலையும். பத்த வைக்க வேணாம். சமத்து."

"கண்ணு, கதவத் திற! அம்மா சொல்றேன், திற!" தோளால் இடித்தாள். மறுபடி. மறுபடி. கதவு அசையவில்லை.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய சீறல். கதவிடுக்கில் கேஸ் வாடை. கதவுக்குக் கீழே, வெளிச்சக் கோட்டில், இரண்டு சின்னப் பாதங்களின் நிழல்.

"அம்மா, அது இன்னும் வெளியிலயே நிக்குது."

"நிக்கட்டும்டா," என்றது அவள் குரல். "நீ வந்து அம்மா பக்கத்துல படுத்துக்க."

பாதங்களின் நிழல் நகர்ந்தது.