செத்த பல்லியின் சாட்சி

"அப்பா...!"

மகளின் அலறல் அந்தக் காலை நேரத்தில் தெருக்கோடி வரை கேட்டது.

ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர் கீபோர்டின் மேல் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தார். கண்கள் திறந்திருந்தன.

மூச்சு இல்லை!

பக்கத்தில் பிரிண்டர். அதன் மேல் அச்சடித்த தாள் ஒன்று.

'வாழ்க்கை அலுத்துவிட்டது. என் சாவுக்கு யாரும் காரணமில்லை.'

கையெழுத்து...?

இல்லை!

மறுநாள் மதியம்.

உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் அதே நாற்காலியில், அதே கம்ப்யூட்டர் முன்னால். கடிதம் அதற்குள் இருந்தால் போதும்... தற்கொலை என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம்.

பட்டனை அமுக்கினார்.

ஊஹூம்.

மறுபடி அமுக்கினார். பிறகு, லாக்கப்பில் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். சி.பி.யூ.வின் விலாவில் ஓங்கி ஓர் அறை!

அது வாயைத் திறக்கவில்லை.

"விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் சார்" என்றார் மாப்பிள்ளை. ஏதோ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர். துக்க வீட்டிலும் கழுத்தில் அடையாள அட்டை! "எங்க ஆபீஸ்ல ஐந்நூறு சிஸ்டம் என் கன்ட்ரோல். சொல்றேன் கேளுங்க... இது தேறாது. தூக்கிப் போட்டுடுங்க."

"லைட்டே எரியல. இதுல விண்டோஸ் எங்கேர்ந்து வந்துச்சு?"

வாசலில் ஒரு பெண். தோளில் டூல் பை. இன்ஸ்பெக்டர் வரச் சொல்லியிருந்த, போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் மெக்கானிக்.

"மெக்கானிக்கா... லேடீஸா?" மாப்பிள்ளையின் உதடு கோணியது.

"ஏன் சார், ஆம்பளை கை பட்டாத்தான் கரண்ட் பாயுமா? தள்ளி நில்லுங்க."

டெஸ்டரை பிளக் பாயின்ட்டில் நுழைத்தாள். பளிச்! கரண்ட் இருந்தது. ஒயரை மாற்றினாள். பட்டனை அமுக்கினாள். அப்போதும் அசைவில்லை.

"அப்ப கரண்ட்டை உள்ள பிரிச்சுக் குடுக்கிற டப்பாதான். பவர் சப்ளை."

"அதெல்லாம் இருக்காது" என்றார் மாப்பிள்ளை.

அவள் காதிலேயே வாங்கவில்லை. திருகாணிகளைக் கழற்றி டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே... கருகிப்போய்... ஒரு பல்லி!

காய்ந்து சருகாகியிருந்தது. மேலே தூசி படிந்திருந்தது.

"சார், இது விழுந்து டப்பா எரிஞ்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

பையிலிருந்த வேறு பவர் சப்ளையை அவள் மாட்டினாள். விசிறி சுற்றியது. திரை வெளிச்சமானது. எதையோ தேடிப் பிடித்து விரலை வைத்தாள்.

"கடைசியா ஓடினது பதினோரு நாள் முன்னாடி. திடீர்னு நின்னிருக்கு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் முழிக்குது."

இன்ஸ்பெக்டர் மெல்ல மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"நேத்து விடிகாலைல மாமனார் டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் பிரிண்டர் ஓடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே?"

"டைப் அடிச்சார் சார்! தினமும் அடிப்பார்! சத்தியமா!"

"அடிச்சாரு." மூலையிலிருந்து மாமியார் பேசினாள். அழுது சிவந்த கண்கள். "பத்து நாளா செத்த மிஷின்லதான் தட்டிக்கிட்டிருந்தாரு. ரிப்பேர்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வந்து கிளாஸ் எடுப்பாரே... அதுக்குப் பயந்து!"

மெக்கானிக் களுக்கென்று சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தட்டினது சரி. பிரிண்டர் எப்படி ஓடுச்சு மாப்பிள்ளை சார்?" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரையும் இந்தம்மாவை விட்டுத் திறக்கச் சொல்லட்டுமா?"

அடையாள அட்டை நடுங்கியது.

"வேணாம்... நானே சொல்லிடறேன்!" மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாயைத் திறந்தா திருத்துவார் சார். 'ள' சரியில்ல, 'ழ' சரியில்லன்னு... வந்த விருந்தாளி முன்னாடி, என் ஆபீசர் முன்னாடி... ஆறு வருஷமா! தூக்க மாத்திரையைப் பொடி பண்ணிக் காபில கலந்து, விடிகாலைல வழக்கம்போல நானே கொண்டு போய் வெச்சேன். திரும்பி வந்து பார்த்தா டம்ளர் காலி. ஆள் சாய்ஞ்சு கிடந்தார். ஆபீஸ்ல அடிச்சு வெச்சிருந்த கடிதத்தை பிரிண்டர் மேல வெச்சிட்டேன்..."

"அடப்பாவி...!" மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது.

பிரேதப் பரிசோதனை டாக்டர்!

கேட்டார். புருவம் உயர்ந்தது. மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். போனை வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உங்க மாமனார் ஹார்ட் அட்டாக்ல போயிருக்கார். வயித்துல மாத்திரையும் இல்ல, ஒரு சொட்டுக் காபியும் இல்ல!"

"என்னது...? டம்ளர் காலியா இருந்துச்சே!"

"நீங்க போட்ட காபியை அவரு என்னிக்குக் குடிச்சாரு?" மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆறு வருஷமா வாஷ் பேஸின்லதான் ஊத்தினாரு. உங்க மனசு நோகக்கூடாதுன்னு காலி டம்ளரைக் காட்டுவாரு."



மாப்பிள்ளையின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம்.

"அப்ப... நான் கொலை பண்ணலையா சார்? வீட்லயே இருக்கலாமா?"

"கொல்லப் பார்த்ததுக்குத் தனிக் கேஸ். பொய்க் கடிதத்துக்கு இன்னொண்ணு." இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "நீ மட்டும் அந்தக் கடிதத்தை வெக்காம இருந்திருந்தா, நான் இந்த வீட்டு வாசலையே மிதிச்சிருக்க மாட்டேன்டா!"

க்ளிக்!

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் மட்டும் வாசல் வரை வந்தாள். மரியாதை குறையாமல் சொன்னாள்.

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை. உள்ள எத்தனை வருஷமோ... அதுக்குள்ள நல்லதா ஒரு காபி போடவாவது கத்துக்கோங்க!"