ஆவிஸ் சொல்லாமல் விட்டது

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கணப்பு அணைவதற்குள் ஹுவான் ஆற்றங்கரையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கிழவர் மெர்வினின் கைத்தடி கட்டிலோரம் சாய்ந்தே கிடந்தது. கொல்லையிலோ விறகு பிளக்கும் சத்தம். அவர் மனைவி ஆவிஸ் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றாள். பிளந்த யூகலிப்டஸின் ஈர வாசம் சமையலறைவரை வந்தது.

போன குளிர்காலத்தில் நிமோனியா கண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்தபோது டாக்டரம்மா கேட்டாள்:

"இதுக்கு முன்னாடி வீட்ல எப்படி இருந்தாரும்மா? அதை வச்சுத்தான் இனிமே எவ்வளவு தேறுவார்னு கணிக்க முடியும்."

அதற்கு முன்பே அவருக்குச் சட்டைப் பொத்தானை ஆவிஸ்தான் போட்டுவிடுவாள். அதைச் சொன்னால், இனித் தேறமாட்டார் என்று குழாயை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தாள்.

"அவரா? நாள் பூரா விறகு பிளப்பார். போதும் விடுய்யான்னு நான்தான் கெஞ்சணும்."

டாக்டர் சிரித்தாள். "அப்போ அந்த மனுஷனாவே திரும்பி வருவாரும்மா."

அவள் சொன்ன அந்த மனுஷனாகவே வந்துவிட்டார்.

"என்ன மெர்வ் அண்ணே, ஊருக்கே அடுப்பெரிக்கப் போறீங்களா?" பக்கத்து வீட்டு ட்ரெவர் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினான். "அக்கா, பெரியவருக்கு என்னத்த ஆக்கிப் போடுறீங்க? எனக்கும் கொஞ்சம் குடுங்க!"

மெர்வின் திரும்பவில்லை. கட்டையைச் செங்குத்தாக நிறுத்துவார். இடது உள்ளங்கையை அதன் உச்சியில் வைத்து, ஆடுகிறதா என்று பார்ப்பார். கையை எடுப்பார். கோடாரி இறங்கும்.

ஒன்றுமே முடியாத அந்த நாட்களில்கூட, சாயங்காலமானால் அதே கையால் அவள் கன்னத்தைத் தடவி "என் சிட்டு" என்பார். வீடு திரும்பியபின் ஒரு வார்த்தை இல்லை. பார்வை அவளைத் தாண்டியே போனது.

டாக்டரிடம் அந்த 'என் சிட்டு'வைப் பற்றி அவள் சொல்லவே இல்லையே.

விறகு தீர்ந்தது. சத்தம் தீரவில்லை. வேலிக்கம்பு முறிந்தது. பிறகு வாசற்படி.

"போதும், மெர்வ். விடுய்யா."

பொழுது சாயும்போது உள்ளே வந்தார். கோடாரி கையில். தம் நாற்காலியைப் பிளந்தார். நிதானமாக.

ஆவிஸ் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே வந்து நின்றார். மூச்சு வாங்கவே இல்லை.

இடது உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்தார்.

எத்தனை மாதம் கழித்து அந்தக் கை! காப்புக் காய்த்த, வெதுவெதுப்பான, அதே கை. ஆவிஸ் கண்ணை மூடினாள். ஆடாமல் இருந்தாள்.

கை மெல்ல விலகியது.

உங்கள் வீட்டில் உங்களைத் தொடும் கையெல்லாம் உங்களை அறிந்த கையாகவே இருக்கட்டும், கண்ணுகளா.