சூரியன் முந்திக்கொண்ட தீவு

"மேடம்! ஏறாதீங்க... கையை எடுங்க!"

தாம்பரம் நிலையத்தின் நடைமேடையே திரும்பிப் பார்த்தது. நகரத் தொடங்கிவிட்ட மின்சார ரயிலின் கம்பியைப் பிடிக்க நீட்டிய கையோடு மிருதுளா அப்படியே நின்றுவிட்டாள். கடைசிப் பெட்டியிலிருந்து தலையை நீட்டியபடி கார்டு அவளைக் கடந்து போனான். வெள்ளைச் சட்டை, கலைந்த முடி, முப்பது வயதிருக்கும்.

"இன்னா அவசரம்? அடுத்த வண்டி பத்து நிமிஷத்துல வரும். உசுரு வருமா?"

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்! போதாத குறைக்கு, ஜன்னலோரத்தில் அவளுடைய எட்டாம் வகுப்பு மாணவிகள் இரண்டு பேர். பரங்கிமலைப் பள்ளிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் புவியியல் டீச்சர் திட்டு வாங்கிய செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மிருதுளாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்றைக்கு முழுக்கச் சிவந்தே இருந்தது.

ஆனால்... அவ்வளவு கத்திய அந்த ஆளின் கண்கள் ஏன் அப்படிப் பயந்திருந்தன? யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பட்டாபிராமன் அவளை சேலையூர் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு நடக்க ஆரம்பித்து, மெல்ல ஓடவும் ஆரம்பித்து, இப்போது ஓட்டக்குழுவில் முழுநேர உறுப்பினர்.

"மே மாசம் அந்தமான் போறோம் மிருது. நாலு நாள். யோகா, நீச்சல், மூணாவது நாள் தீவுல தொடர் ஓட்டம். இருபது கிலோமீட்டர், அஞ்சு பேர், ஆளுக்கு நாலு. எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது. உனக்குத்தான் லீவாச்சே?"

"நானா? ரயிலைப் பிடிக்கவே ஓடத் தெரியலைப்பா எனக்கு..."

"அது எனக்குத் தெரியும் மேடம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினாள். கையில் நோட்டுப் புத்தகம், கழுத்தில் விசில், உதட்டோரம் அடக்கிய சிரிப்பு. அதே கார்டு!

"பிரசன்னா. நம்ம டீம் கேப்டன்" என்று அப்பா பெருமையாக அறிமுகம் செய்தார். "நம்ம டீம்ல ஓடற நர்ஸ் ரோஸி இருக்காளே, அவளோட அண்ணன். டைம்னா டைம்தான் இவனுக்கு."

அது உண்மை என்று மிருதுளாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. பயிற்சி முடிந்ததும் குழுவின் வாட்ஸப்பில் அவன் தினமும் பட்டியல் போடுவான். யார் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம். கடைசி வரியில் தவறாமல் ஒன்று இருக்கும்: தாமதம், மிருதுளா மேடம், நாலு நிமிஷம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஓட்டத்துக்கான அட்டவணை வந்தது. புறப்பட மூன்று நேரங்கள் கொடுத்திருந்தார்கள்: நாலே முக்கால், ஐந்தரை, ஆறேகால். 'நாலே முக்காலுக்கு இருட்டா இருக்கும். விடியும்போது கிளம்பினா வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம். அதனால ஐந்தரை' என்று பிரசன்னா எழுதியிருந்தான்.

மிருதுளா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தமான் கிழக்கே எங்கேயோ இருக்கிறது. ஆனால் கடிகாரம் நம்முடையதே. அங்கே சூரியன் தாம்பரத்தைவிட ஐம்பது நிமிடம் முன்னால் வந்துவிடும்; நாலே முக்காலுக்கே விடிந்துவிடும்! எட்டாம் வகுப்பில் வருடா வருடம் நடத்துகிற பாடம். 'ஒரு சின்னத் திருத்தம், புறப்படுகிற நேரம் பற்றி' என்று தட்டி அனுப்பினாள். மீதியைத் தட்டுவதற்குள் பதில் வந்தது.

'டைம் பத்தி நான் பார்த்துக்கறேன் மேடம். நீங்க டைமுக்கு வந்தா போதும்.' பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு.

மூக்கு நுனி சிவந்தது. அனுப்பியதை அழித்தாள். 'படட்டும். அங்கே போய் அசடு வழியட்டும்!' அப்பாவுக்குக் கொடுத்திருந்தது முதல் சுற்று. அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பிறகென்ன?

அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்...

அடுத்த ஞாயிறு குன்றத்தூர் மலைப் படிகளில் பயிற்சி. எல்லோரும் முருகனைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிரசன்னாவும் ரோஸியும் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் அப்பா கொடுத்த சர்க்கரைப் பொங்கலைப் பிரசன்னா இரண்டு தொன்னை வாங்கிச் சாப்பிட்டான். இறங்கும்போது திடீரென்று கோடை மழை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியதில் ஒரு டீக்கடைத் தகரக் கூரையின் கீழே மிருதுளாவும் பிரசன்னாவும் மட்டும் மாட்டிக்கொண்டார்கள்.

மண் வாசனை எழுந்தது. அவன் முடியிலிருந்து நீர் சொட்டியது. இமைகளில்கூட ஒரு துளி நின்றது. இவ்வளவு நீளமான இமைகளா இவனுக்கு? அவள் அவசரமாக டீ டம்ளரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு பிளாட்பாரத்துல... கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க" என்றான் அவன், மழையைப் பார்த்தபடி. "வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பொண்ணு அப்படித்தான் ஓடி வந்து ஏறுச்சு. கை வழுக்கிடுச்சு. கடைசிப் பெட்டியில நிக்கறவன் நான்... எல்லாத்தையும் பார்த்தேன். அந்த முகம் இன்னும் கண்ணுலயே கீது. உங்களைப் பார்த்ததும் அதே நினைப்பு."

இந்த மனிதன் மீதா இத்தனை நாள் கோபம்?

"இன்னொண்ணு" என்று அவன் சிரித்தான். "உங்கப்பா சார்கிட்ட சொல்லாதீங்க. அவருக்கு முதல் சுற்றை மாத்திக் கடைசிச் சுற்றைக் குடுத்திருக்கேன். ஃபினிஷ்ல ரிப்பன் கட்டுவாங்களாம். அதைத் தன் நெஞ்சால அறுத்து, அந்த போட்டோவை டாக்டருக்கு அனுப்பணும்னு ஏரிக்கரையில சொல்லிக்கினே இருப்பாரு. எட்டு மணிக்குள்ள முடிஞ்சிடும். வெயில் ஏறாது."

சொல்லிவிடு மிருதுளா... இப்போதே சொல்லிவிடு! ஆனால் எப்படிச் சொல்வது? உங்களை அவமானப்படுத்தவே ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றா? இந்தக் கண்களைப் பார்த்தா? ஐம்பது நிமிடம்தானே, என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மழை விட்டது. நேரங்களைப் பதிவு செய்யும் கடைசி நாளும் கடந்து போனது.

மே மாதம். மீனம்பாக்கத்திலிருந்து விமானம், அப்புறம் கப்பல். தீவில் இறங்கியபோது மாலையாகியிருந்தது.

மறுநாள் கண் விழித்த மிருதுளா கைபேசியைப் பார்த்தாள். மணி ஐந்து பத்து. அறை முழுக்க வெளிச்சம். வெளியே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கடலா இது? கரையில் கண்ணாடி, கொஞ்சம் தள்ளி இளம்பச்சை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் நீலம். மாவு போல வெள்ளை மணல். பின்னால் ஆறு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரங்கள், உச்சியைப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடுகிற புள்ளி என்றல்லவா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்? அந்தப் புள்ளிக்குள்ளே இவ்வளவு பெரிய உலகமா! கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அண்ணா, அஞ்சு மணிக்கே இப்படிக் காயுதே!" என்று ரோஸி கத்தினாள்.

பிரசன்னா மணலில் நின்றிருந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். கடலுக்கு மேலே நன்றாக எழும்பிவிட்ட சூரியனைப் பார்த்தான். முகம் வெளுத்தது. இந்தக் காட்சிக்குத்தானே அவள் ஒரு காலத்தில் ஆசைப்பட்டாள்? இப்போது பார்க்க முடியவில்லை.

அவன் நேராக அப்பாவிடம் வந்தான். எல்லோரும் கேட்க, சாக்குப்போக்கு இல்லாமல் சொன்னான்.

"சார், என் தப்பு. நம்ம ஊர் வெளிச்சத்தை வெச்சு இங்க டைம் போட்டுட்டேன். பதிவு நாளும் முடிஞ்சுபோச்சு, இனிமே மாத்த முடியாது. கடைசிச் சுற்று ஓடுறப்போ வெயில் சுள்ளுனு ஏறியிருக்கும், அதுவும் வெட்ட வெளி மணல். உங்களை ஓட விட மாட்டேன். மன்னிச்சிடுங்க."

டைம்னா டைம்தான் என்று பெயர் வாங்கியவன். நாலு பேர் முன்னால் இப்படித் தலை குனிய எவ்வளவு மனசு வேண்டும்! அண்ணாந்து பார்த்த மரங்களைவிட அந்தக் கணத்தில் அவன்தான் அவளுக்கு உயரமாகத் தெரிந்தான்.

"அதனால என்னப்பா... முதல் சுற்றே ஓடறேன்" என்றார் அப்பா. ஆனால் தொப்பியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அவர் தப்பு இல்லப்பா." மிருதுளா முன்னால் வந்தாள். "எனக்குத் தெரியும். அட்டவணை வந்த அன்னைக்கே தெரியும். இவர் மேல இருந்த கோபத்துல... வேணும்னுதான் சொல்லாம விட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார் அப்பா. அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிரசன்னா அவளையே பார்த்தான். "மழையில நின்னோமே... அப்பவும் தெரியுமா?"

தலையசைத்தாள். அவன் கரையோரமாக நடந்து போய்விட்டான்.

அன்று மாலை அணியின் ஐந்தாவது ஆளான கோச் பிரிட்டோ வரிசையை மாற்றி எழுதச் சொன்னபோது அவள் முந்திக்கொண்டு, "கடைசிச் சுற்று எனக்கு" என்றாள். பிரசன்னா நிமிர்ந்து பார்க்காமலே அவள் பெயரை எழுதினான். நாலாவதாகத் தன் பெயர்.

ஓட்ட நாள். இங்கே கையில் கொடுத்து ஓட கோல் கிடையாது. மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சிவப்புத் துணிப்பட்டைதான். அப்பா ஓடினார், ரோஸி ஓடினாள், பிரிட்டோ ஓடினார். ஏழரை மணிக்கு, காட்டுப் பாதை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் மிருதுளா காத்திருந்தாள். அவன் வந்தான், வியர்வையில் குளித்து. பட்டையை அவள் மணிக்கட்டில் கட்டினான். தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான்.

"மெதுவா ஓடுங்க" என்றான். அவ்வளவுதான்.

முதல் கிலோமீட்டரிலேயே மணல் காலை இழுத்தது. இரண்டாவதில் மூச்சு இரைத்தது. ஆனாலும் எங்கே பார்த்தாலும் அந்த நீலம்... இவ்வளவு அழகுக்கு நடுவே இவ்வளவு சின்ன மனசோடு வந்தேனே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினாள். ரயிலைப் பிடிக்க ஓடத் தெரியாத கால்கள் இவ்வளவு தூரம் ஓடுகின்றனவா என்று அவளுக்கே பிரமிப்பாக இருந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் பின்னால் காலடிச் சத்தம். திரும்பினாள். பிரசன்னா! கையில் தண்ணீர் பாட்டில், ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து.

"நீங்க... உங்க சுற்றுதான் முடிஞ்சிடுச்சே?"

"முடிஞ்சிடுச்சு. இந்த வெயில்ல உங்களைத் தனியா விட மனசு வரல. அங்க இருந்தே பின்னாடிதான் வந்துகினு இருக்கேன்."

"என் மேல கோபம் இல்லையா?"

"கீது" என்றான். "நிறையவே கீது. முதல்ல தண்ணி குடிங்க."

தூரத்தில் ரிப்பன் தெரிந்தது. அதற்கு நூறடி முன்னால், பார்வையாளர்களுக்கான கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார் அப்பா. பக்கத்தில் ரோஸி.

மிருதுளா நின்றாள். மணிக்கட்டின் பட்டையைப் பார்த்தாள். பிரசன்னாவைப் பார்த்தாள். அவள் கேட்காமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒருத்தர் ரெண்டு தடவை ஓடினா ரூல்படி டீமையே போட்டியில இருந்து எடுத்துடுவாங்க" என்றான். ஒரு கணம்தான். பிறகு தங்கையிடம், "ரோஸி! சார் நூறடி ஓடலாமா?"

ரோஸி அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "நூறடிதானே? மெதுவா ஓடட்டும்."

"மிருது, வேணாம்மா... உன் ஓட்டம் இது" என்றார் அப்பா. அவள் கேட்கவில்லை. சிவப்புப் பட்டையை அவர் கையில் கட்டினாள். அவள் முடிச்சுப் போட்டபோது பிரசன்னா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா ஓடினார். கரையே கை தட்டியது. பக்கத்தில் ஓடிய ரோஸி கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். வெள்ளை மணலில், அந்தப் பெரிய நீலத்தின் ஓரமாக, அறுபத்து மூன்று வயது மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரிப்பனை அறுத்தார்.

எல்லோருடைய கண்களும் அங்கே. இவர்கள் இரண்டு பேர் மட்டும் பின்னால், கணுக்காலைக் கடல் தொட.

"நாம இனி ரிசல்ட்லயே இல்ல" என்றான் பிரசன்னா. "தெரிஞ்சுதானே பண்ணீங்க?"

"தெரிஞ்சுதான். ஆனா ஒண்ணு..." அவள் கண்களை நிமிர்த்தினாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. இந்த முறை கோபத்தால் அல்ல. "தெரிஞ்சதைச் சொல்லாம வெச்சிருந்து நான் பட்டது போதும். அதனால இதை இப்பவே சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, பிரசன்னா. அந்த மழையிலேயே தெரியும். கோபம் தீர எத்தனை நாள் ஆனாலும் சரி... நான் சொல்லிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். அந்த நீண்ட இமைகள் நனைந்தன.

"எங்க வூட்லயும் பேசணும், சார்கிட்டயும் பேசணும்" என்றான் மெல்ல. "ஈஸியா இருக்காது."

"தெரியும்."

"கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"அதுவும் தெரியும்."

"இது தெரியுமா?" அவன் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. "பிளாட்பாரத்துல உங்களைப் பார்த்ததுல இருந்து, டூட்டி இல்லாத நாள்லயும் அந்த வண்டியில நீங்க பத்திரமா ஏறுறீங்களான்னு தூரமா நின்னு பார்த்துட்டுப் போவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.